ஒரு குறை சொல்லி விற்றவர்

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் கதைக்க வேண்டும் என்பது எங்கள் உம்மாவின் சட்டம். சரி, நல்லதிலேயே தொடங்குகிறேன். அந்த மனுசன் தன் ஆயுசில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை வருசமாக அவர் மேல் எனக்கு ஆறாமல் கிடக்கிற ஆத்திரத்துக்குக் காரணமும் அதுதான்.

பெயர் சொல்லமாட்டேன். அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கடை இருந்தது. தொண்ணூறுகளில் அந்த மரப்படியில் ஒருதரமாவது ஏறி இறங்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. டுபாயிலும் சவூதியிலும் ஒபிஸ்களும் வீடுகளும் கழித்துவிட்ட சாமான்கள் பெட்டி பெட்டியாக அவருக்கு வந்து இறங்கும். முதலில் ஃபேன், ரேடியோ, ஃப்ரிட்ஜ், தையல் மெசின். பிற்பாடு கொம்பியூட்டர். அவற்றைப் பழசு என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். "பழசு இல்ல, ரீகண்டிசன்" என்று திருத்துவார். தோளில் ஒரு மஞ்சள் துணி எப்போதும் கிடக்கும். கதைத்துக்கொண்டே எதையாவது துடைப்பார். குரல் ஒருநாளும் உயராது.

கடைத்தெருவில் மற்ற யாவாரிகள் வாயைத் திறந்தால் வல்லாஹி என்று சத்தியம்தான். இவர் சத்தியம் பண்ணமாட்டார். தேவையில்லை. விலை சொல்வதற்கு முதல், நாம் கேட்காமலே, சாமானில் உள்ள குறையொன்றை அவரே எடுத்துக் காட்டுவார். "குறையச் சொல்லாம விக்கிறது ஹறாம். இந்தா பாருங்க, இதில ஒரு குறை இரிக்கி" என்று சொல்லி, மஞ்சள் துணியால் அந்த இடத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அந்தக் குறைக்காக விலையிலும் கொஞ்சம் இறக்குவார். வாங்க வந்த ஆள் அந்த இடத்திலேயே உருகிவிடும், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுசனா என்று. உருகின ஆள் இரண்டாவது குறையைத் தேடாது. வித்தையில் பாதி இதுதான். மற்றப் பாதியைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பாதியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வேலையும் ஒரு வீட்டுக் கதவும் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பெரிய சாமான் ஒன்று கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் கைகொடுத்து, "பொருந்திக்கிட்டீங்களா?" "பொருந்திக்கிட்டன்" என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்குச் சம்மதம், மனதில் ஒரு தாங்கலும் இல்லை என்று அர்த்தம். அப்படிச் சொன்ன பிறகு அந்தச் சாமானைப் பற்றி முறைப்பாடு கொண்டுபோவது வெட்கக்கேடு. மற்றக் கடைகளில் இதை ஒருதரம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இவர் மூன்று தரம் வாய்விட்டுச் சொல்ல வைப்பார். பக்கத்தில் நிற்கிற யாரையாவது பார்த்து, "கேட்டீங்கதானே" என்று சாட்சிக்கும் பிடித்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், பஸ் நிலையத்தடியில் ஜூஸ் கடை வைத்திருந்தார். அவர் ஃப்ரிட்ஜ் வாங்கப் போன அன்று நானும் அங்கே இருந்தேன். இவர் தன் கடையின் பின் அறையில் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து காட்டினார்.

"காக்கா, ஒரு குறை இரிக்கி. உள்ளுக்க லைட் எரியாது. பிறகு சொல்லல்ல எண்டு சொல்லப்படாது."

"நான் என்ன ஃப்ரிட்ஜுக்குள்ள இரிந்து பேப்பரா வாசிக்கப் போறன்" என்று காக்கா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். மூன்று தரம் பொருந்திக்கொண்டு காக்கா ஃப்ரிட்ஜை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிப் போனார்.

நோன்பு மாதம் தொடங்கி, நோன்பு திறக்கிற ஜூஸுக்கு நல்ல யாவாரம் நடக்கிற நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. அரைத்து வைத்த பழமெல்லாம் புளித்து நுரை தள்ளியது. காக்கா சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். போன வேகத்தைப் பார்த்து இன்றைக்கு அடிபிடிதான் என்று வகுப்பில் இருந்த நாங்கள் பயந்தோம். இவர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குளிர் எத்தின நாளைக்கு நிக்கும் எண்டு நீங்க கேட்கல்லயே காக்கா. கேட்டிருந்தா, தெரிஞ்சதச் சொல்லியிருப்பன்." அதோடு முடிந்தது. காக்கா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். போனவர் வெட்கத்தில் அதை ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

தன்னைப் பற்றிக் கதைக்கும்போதும் அவருக்கு அதே வழிதான். "எனக்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் இரிக்கி, மறைக்கமாட்டன்" என்று தொடங்குவார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவோம். "தேத்தண்ணிக்கு சீனி கூட." அவ்வளவுதான் அவருடைய பாவம். வகுப்பில் பதினைந்து பேர் படித்தோம். இரண்டு கொம்பியூட்டர் இருந்தது, அதில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. என் முறை வருவதற்குள் கை விறைத்துப்போகும். நான் எப்படிப் படிக்கிறேன் என்று பார்க்க வாப்பா ஒரு நாள் வந்தார். "மகள் கெட்டிக்காரி. ஒரு குறை, கையெழுத்துத்தான் சரியில்ல" என்றார் இவர். கொம்பியூட்டர் வகுப்பில் கையெழுத்துக்கு என்ன வேலை என்று வாப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வரும் வழியிலேயே எனக்கு ஒரு இரட்டைக் கோட்டுக் கொப்பி வாங்கிவந்துவிட்டார்.

தன் மச்சினனுக்கு அவர் கலியாணம் பேசும்போதும் இதே கதை. பெண் வீட்டாரின் முகத்துக்கு நேரே, "மாப்பிளைக்குக் குறட்ட வரும். கலியாணத்துக்குப் பிறகு என்னப் பேசப்படாது" என்றாராம். பெண் வீட்டார் மயங்கிப் போனார்கள். இவ்வளவு நேர்மையான குடும்பமா என்று அந்த வாரமே நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் சவூதி வேலை எப்போதோ போய்விட்டது என்பதை அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குறட்டை விசயத்தில் அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் பெண்ணே என்னிடம் சொல்லி அழுதாள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்தப் படியில் ஏன் ஏறினாய் என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் தெரிந்தது. அதோடு நாங்கள் எல்லோரும் பொய்யைத் தேடித்தான் பழகியிருந்தோம். அவரிடம் பொய் இல்லை.

இனி என் விசயம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத் தாய் தகப்பன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து ஏறுவார். வாப்பா தபால் கந்தோரில் கிளார்க். எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கான வீட்டை, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லெடுத்து எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் முடிந்து ஓடும் போட்டாயிற்று. கதவும் ஜன்னலும்தான் பாக்கி. அதற்கென்று உம்மா சீட்டுப் பிடித்துச் சல்லி சேர்த்து வைத்திருந்தார். தச்சு வேலை செய்கிற ஓடாவியார் பலகையும் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்தது. பெண்களுக்குக் கைக்கடன் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனம் கல்முனையில் ஒபிஸ் திறந்தது. வயல்கரை ஊர்களுக்குப் போய், பெண்களோடு கதைத்து, அவர்கள் சொல்வதை அந்த இடத்திலேயே கொம்பியூட்டரில் அடித்துக் கொண்டுவர ஒரு பெண் வேண்டும். சம்பளம் வாப்பாவின் சம்பளத்தை விடக் கூட. நிறுவனத்தின் கொம்பியூட்டர்கள் வந்துசேரச் சுணங்கும் என்பதால் சொந்தமாக லெப்டொப் வைத்திருக்கிற ஆளைத்தான் எடுப்பார்கள். அதற்கும் முதல் ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப்போய்ச் செய்ய வைத்துப் பார்ப்பார்கள்.

புது லெப்டொப் வாங்குவதென்றால் கட்டின வீட்டையே விற்க வேண்டும். ரீகண்டிசன் என்றால் கதவு ஜன்னல் சல்லிக்குள் அடங்கும். உம்மா ஒரே பிடியாக நின்றார்.

"கதவில்லாத வீட்டுக்கு எந்த மாப்பிளகா வருவான்?"

"நாலு மாசச் சம்பளத்தில தேக்கங் கதவே போடலாம் உம்மா."

"வேல கிடைக்காட்டி?"

வாப்பாதான் முடிவு கட்டினார். "அந்த மனுசன்ட வாங்குவம். அவர் பொய் சொல்லமாட்டார்."

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். எங்களுக்குப் பிளேன்டீ வந்தது. லெப்டொப்பை மேசையில் தயாராக வைத்திருந்தார், சுவரிலிருந்து வந்த வயர் அதில் குத்தியபடி இருந்தது. கறுப்பு, கனம். டுபாயில் ஏதோ ஒரு கப்பல் கம்பனியின் ஒபிசில் இருந்ததாம். மூடியில் ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு. அடிக்கிற கட்டைகளில் இங்கிலீசு எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்தும் இருந்தது. அதைப் பார்த்தே வாப்பாவுக்குப் பாதி மனம் சாய்ந்துவிட்டது.

"கம்பனிகள் பாவிக்கிறத்துக்கெண்டு செஞ்ச சாமான் இது. வீட்டுக்குச் செய்யிற லேசான சாமான் இல்ல. விழுந்தா ஒண்டும் ஆகாது எண்டு சொல்லமாட்டன், விழுத்தாதீங்க" என்றார். பிறகு நான் எதிர்பார்த்த வசனம் வந்தது. "இதில ஒரு குறை இரிக்கி. மூடியில கொளுக்கி இல்ல. மூடினா மூடி நிக்காது." மேசை லாச்சியைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு ரப்பர் பட்டியை எடுத்து மாட்டிக் காட்டினார். "பட்டிக்கு சல்லி வேணாம்."

வாப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தாயா என்கிற மாதிரி.

நான் ஒன்றும் வாய் மூடி இருக்கவில்லை. ஜூஸ் காக்கா கேட்காமல் விட்டதை நான் கேட்டேன். "பெட்டரி எவ்வளவு நேரம் நிக்கும் சேர்?"

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. லெப்டொப்போடு வந்த புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். "ரெண்டர மணித்தியாலம் எண்டு கம்பனிக்காரன் அடிச்சிரிக்கான். நீங்களே வாசிங்க புள்ள. நான் சொல்லி நீங்க நம்பத் தேவல்ல." பிறகு வயரைக் கழற்றினார். திரை அணையவில்லை. வாப்பாவிடம் நெல் விலையைப் பற்றிக் கேட்டார், வாப்பா ஆறுதலாகப் பதில் சொன்னார், திரை வெளிச்சமாகத்தான் இருந்தது. கதை முடிய வயரைத் திரும்பவும் குத்தினார். "வீட்டில இரிக்கக்குள்ள வயரிலயே பாவிங்க. பெட்டரிக்கு அதுதான் நல்லம்" என்றார்.

இன்றைக்கும் அந்த வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றிலும் பொய் இல்லை.

"சாமான் மகளுக்கு. மகளே சொல்லட்டும்" என்றார். நான் மூன்று தரம் பொருந்திக்கிட்டன் என்றேன். வாப்பாதான் சாட்சி.

வீட்டுக்கு வந்து பார்த்தால், லெப்டொப்போடு அவர் தந்த பையின் ஸிப் பாதியில் சிக்கியது. மெழுகுதிரியைத் தேய்த்துச் சரிக்கட்டினேன். அதுவும் ஒரு விசயமா. வெள்ளிக்கிழமை முழுவதும், அவர் சொன்னபடி வயரைக் குத்தியே அடித்துப் பழகினேன். உம்மா கிட்ட வரவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடி, "என்ட கதவு ஜன்னலெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கா" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை நிறுவனத்து வேனில் மூன்று பெண்கள் போனோம். கொழும்பிலிருந்து வந்த பெரிய மிஸ், இதே வேலைக்கு வந்த காரைதீவுப் பெண், நான். அந்தப் பெண்ணுக்கு அண்ணன் லண்டனில் இருந்து லெப்டொப் அனுப்பியிருந்தான். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பைகளைத் திறக்கச் சொன்னான். குண்டா கொம்பியூட்டரா என்று அவனுக்குத் தெரிய வேண்டும், போட்டுக் காட்டச் சொன்னான். என் லெப்டொப் முனகிக்கொண்டு எழும்பி வந்தது. அவன் இன்னொருவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் குனிந்து அரபு எழுத்துகளைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஊரில் ஒரு வாகை மரத்துக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். கரண்ட் கம்பம் எட்டாத ஊர். அறுவடை நேரம். பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு, கால்களில் வயற்சேற்றோடு வந்து குந்தியிருந்தார்கள். எனக்கு முன்னால் வந்த முதல் பெண் சண்டையில் புருசனைப் பறிகொடுத்தவள். இடியப்பம் அவித்து விற்கிறாள். எத்தனை பிள்ளைகள், யார் உழைக்கிறார்கள், எதற்குக் கடன் என்று நான் கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் மூத்த மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதி வசனத்தில் இருக்கும்போது திரை கறுப்பாகிவிட்டது.

பொத்தானை அமர்த்தினேன். இன்னொருதரம் அமர்த்தினேன். ஒன்றுமில்லை.

அந்தப் பெண் பயந்துபோனாள். "என்ன புள்ள, நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?" என்றாள்.

இல்லை அம்மா என்று தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானைத் திரும்பவும் அமர்த்தினேன். பெரிய மிஸ் வந்து, வயர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுற்றிலும் வயலைப் பார்த்தார். என் முன்னால் இருந்த பெண்களை எழுப்பி அடுத்த பாய்க்கு அனுப்பினார்கள். காரைதீவுப் பெண் வெயில் சாயும்வரை அடித்தாள், என் பங்கையும் சேர்த்து. இடையில் என்மேல் பரிதாபப்பட்டு ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். வேலை போனதை விட அந்தப் பிஸ்கட்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது மிஸ் ஆறுதலாகத்தான் சொன்னார், இந்த வேலையே கரண்ட் இல்லாத ஊர்களில்தான் தங்கச்சி என்று.

அடுத்த நாள் வாப்பாவை இழுத்துக்கொண்டு படியேறினேன். இவர் எங்களைக் கண்டதும் பிளேன்டீக்கு ஆள் அனுப்பினார்.

"ரெண்டர மணித்தியாலம் நிக்கும் எண்டீங்க."

"நான் சொல்லல்ல புள்ள. கம்பனிக்காரன் அடிச்சிரிக்கான் எண்டு காட்டினன். நீங்களும் வாசிச்சீங்க."

"வயரக் கழட்டிக் காட்டினீங்க."

"காட்டினன். நிண்டுதா இல்லயா?"

"அவ்வளவு நேரம்தான் நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பொய்யாவது கிடைத்திருக்கும். "தெரியும்" என்றார், மேசையைத் துடைத்துக்கொண்டு. "புத்தகத்தக் காட்டினன். அதுக்கு மேல நீங்க கேட்கல்லயே. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்." புதுப் பெட்டரி டுபாயிலிருந்துதான் வர வேண்டும், லெப்டொப்பின் விலையில் முக்கால்வாசி வரும் என்றும் சொன்னார். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "ரப்பர் பட்டி அறுந்திருந்தா இன்னொண்டு கொண்டு போங்க" என்று லாச்சியை இழுத்தார். அன்றைக்கு அது முழுதாக வெளியே வந்துவிட்டது.

உள்ளே ரப்பர் பட்டிகள் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ரேடியோத் திருகிகள், தையல் மெசினின் சின்னச் சின்ன மூடிகள், ஃபேன் குமிழ்கள், ஃப்ரிட்ஜுக்குள் எரிகிற சின்ன பல்புகள் நாலைந்து. எல்லாம் நல்ல சாமான், ஒன்றும் உடையவில்லை. ஒரு மூலையில் கறுப்பாக ஒரு கொளுக்கி.

வித்தையின் மற்றப் பாதி அதுதான். சின்னக் குறை இல்லாத சாமானுக்கு அவரே ஒரு சின்னக் குறையைச் செய்து வைத்திருந்தார்.

"அது என்ட லெப்டொப்ட கொளுக்கியா?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஓம், உங்கடதுதான். வேணும் எண்டா கொண்டு போங்க."

எடுத்துக்கொண்டேன். அந்த லாச்சியை அப்படியே தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் எனக்கு வெறி வந்தது. வாப்பா என் கையைப் பிடித்தார். "வா மகள். நாம பொருந்திக்கிட்டம்."

படியிறங்கும்போது, "வாப்பா, அந்தாள் நம்மள ஏமாத்திட்டார்" என்றேன். தெருவுக்கு வந்ததும் வாப்பா, "பொய் சொல்லல்லயே மகள்" என்றார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

கொளுக்கி டக்கென்று பொருந்தியது. அதன் பிறகு மூடி நன்றாக மூடி நின்றது. லெப்டொப் மட்டும் கட்டின மாடு மாதிரிச் சுவரோரத்தில் வயரோடு கிடந்தது. டியூசன் மாஸ்டர்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துச் சில்லறை பார்த்தேன். புது வீட்டின் வாசலில் உரச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டோம். ஒரு நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் சாக்கைப் பார்த்தார்கள், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். உம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருசம் அந்த மனுசன் ஹஜ்ஜுக்குப் போகப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் முதலில் வீடு வீடாகப் போய், என்னால் உங்களுக்கு ஏதும் குறை வந்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். மனுசன் பொருந்தாததை அல்லாஹ் பொருந்தமாட்டான் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். பத்துப் பதினைந்து வருசமாக ஊருக்கே சாமான் விற்றவர், எத்தனை வீட்டுப் படி ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்து நான் சிரித்தேன். எங்கள் வீட்டுக்கும் வருவாரா என்று எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

வந்தார். பின்னேரம். வாப்பா புது வீட்டின் மண்டபத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவில்லாததால் அங்கே கடற்காற்று நன்றாக வரும். அவர் சாக்கை விலக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உள்ளே வந்தார். தோளில் மஞ்சள் துணி இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாப்பா எழும்பிக் கட்டித் தழுவினார். நான் உள்ளறை வாசலில் நின்றேன்.

"மனுசன் எண்டா குறை இரிக்கும்" என்றார் அவர். "பொருத்தம் கேட்டு வந்த நான்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உண்மையாகவே இளகியிருந்தது. "புள்ள, உங்களுக்கிட்ட எனக்கு ஒரு குறை இரிக்கி. அந்த லெப்டொப் பையிர ஸிப் கொஞ்சம் சிக்கும். விக்கக்குள்ள சொல்ல மறந்துட்டன். பிறகுதான் ஞாபகம் வந்திச்சி. அத நீங்க பொருந்திக்கணும்."

வாப்பாவின் கண் கலங்கிவிட்டது. ஒரு ஸிப்புக்காகப் படியேறி வந்திருக்கிறாரே மனுசன் என்று. எனக்கோ உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. மக்காவுக்குப் போகிற வழியிலும் ஆள் யாவாரத்தை விடவில்லை. படைத்தவனிடமே ஒரு சின்னக் குறையைத் துடைத்துக் காட்டிவிட்டு, பெரியதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

நான் முன்னால் வந்தேன். "ஸிப்பப் பொருந்திக்கிட்டன்" என்றேன். அவருக்குப் பிடித்த மாதிரி மூன்று தரம் சொன்னேன். "வாப்பா, கேட்டீங்கதானே" என்றும் கேட்டுக்கொண்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் செருப்பைக் காலில் மாட்டினார். மாட்டிய கால் வாசலில் நின்றது. திரும்பினார்.

"எல்லாத்தையும்தானே புள்ள?"

"நீங்க ஸிப்பத்தானே கேட்டீங்க. கேட்டதத் தந்திட்டன். வேற ஏதும் இரிக்கா சேர்? இரிந்தாச் சொல்லுங்க."

"மகள்" என்று வாப்பா அதட்டினார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. சாக்கு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்றால் அவர் ஆயுசில் முதல் பொய்யாகிவிடும். இருக்கிறது என்றால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார். எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்த அந்த வாய் திணறி நான் கண்டது அன்றைக்குத்தான். நான் காத்துக்கொண்டு நின்றேன். உண்மையாகச் சொல்கிறேன், பெட்டரி என்கிற அந்த ஒரு சொல் அவர் வாயில் வந்திருந்தால், வேலையையும் கதவையும் போகட்டும் என்று விட்டு, அந்த நிமிசமே எல்லாவற்றையும் பொருந்திக்கொண்டிருப்பேன். வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"அஸருக்கு நேரமாகுது" என்றார். சாக்கை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதுவும் உண்மைதான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.